மனோசக்தியால் மனித உடல் தரையை விட்டு எழும்ப முடியுமா?

நீங்கள் எழுதியிருப்பதை என் சொற்களில் ஒருமுறை திரும்பச் சொல்லிவிடுகிறேன். தாராபுரம் பக்கத்தில் இருக்கும் உங்கள் மாமா ஒரு தியான வகுப்பில் சேர்ந்திருக்கிறார். பத்மாசனமிட்ட சீடர் ஒருவர் தரைக்கு மேல் ஓரடி உயரத்தில் இருக்கும் ஒளிப்படத்தை அங்கே காட்டி, மனம் முழுமையாக ஒடுங்கிவிட்டால் புவியீர்ப்பு அந்த உடலைக் கட்டுப்படுத்தாது என்றும், குவாண்டம் இயற்பியலே இதை ஒப்புக்கொள்கிறது என்றும் சொல்லி, மேல்நிலைப் பயிற்சிக்கு 40,000 ரூபாய் கேட்கிறார்கள். ஊதியூர் மலையில் தவம் செய்த கொங்கணச் சித்தர் வான்வழியே போய்வந்ததாக அம்மிச்சி சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்த உங்களுக்கு இதைச் சிரித்துத் தள்ளவும் மனம் வரவில்லை, பணத்தைக் கட்டச் சொல்லவும் மனம் வரவில்லை. 'இது சாத்தியமா' என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: அப்படி எழும்புவதற்கு இயற்கையில் வழி உண்டா என்பது ஒன்று, வழி இல்லையென்றால் அந்தப் படத்தில் இருப்பதுதான் என்ன என்பது மற்றொன்று. அம்மிச்சியின் கதையை என்ன செய்வது என்பதை நீங்கள் வெளிப்படையாகக் கேட்கவில்லை என்றாலும் அதையும் தொட்டுவிட்டுப் போகிறேன்.

நான் கொங்கு நாட்டுக் கல்லூரிகளில் 31 ஆண்டுகள் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். விடுமுறை நாட்களில் ஊர்ப் பள்ளிகளுக்குப் போய், நாக்கில் சூடம் கொளுத்துவது போன்ற 'அற்புதங்கள்' எப்படி நடக்கின்றன என்று செய்துகாட்டி விளக்குவதும் எனக்கு நெடுநாள் வழக்கம். யோகத்தில் தேர்ச்சி கிடையாது. மூட்டுவலிக்காகக் கற்றுக்கொண்ட நான்கைந்து ஆசனங்களோடு சரி. ஆகவே எடை, விசை, தாங்கல் ஆகியவற்றைப் பற்றி நான் சொல்வதைத் துறைசார்ந்தவன் சொல்லாகவும், தியான அனுபவத்தைப் பற்றிச் சொல்வதை வெளியாளின் கருத்தாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பலரும் நினைப்பதற்கு மாறாக, இதில் ஆற்றல் ஒரு தடையே அன்று. 60 கிலோ எடையுள்ள ஒருவரை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கச் செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ 590 ஜூல். ஒரு சிட்டிகைச் சர்க்கரையில் இருக்கும் ஆற்றல் இதைவிட அதிகம். இடறுவது வேறோர் இடத்தில். அந்தரத்தில் இருக்கும் எதையும் ஏதோ ஒன்று கணம்தோறும் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும், அப்படித் தாங்குவதற்கு எதையாவது கீழ்நோக்கி அழுத்தியாக வேண்டும். பருந்து காற்றைக் கீழே தள்ளுகிறது, ஹெலிகாப்டரும் அதையே செய்கிறது, ராக்கெட் தன் வயிற்றில் எரிபொருள் எரிந்து உண்டாகும் வாயுவைத் தள்ளுகிறது. பத்மாசனத்தில் அசையாமல் அமர்ந்திருப்பவர் எதைத் தள்ளுகிறார் என்ற கேள்விக்கு விடை வராத வரையில், அவருடைய மனம் எவ்வளவு வலிமையானது என்று பேசுவதால் பயன் ஒன்றும் இல்லை.

மூச்சை உள்ளே அடக்கினால் உடல் இலேசாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். இதில் பாதி உண்மை உண்டு. நம் பக்கத்துப் பெரிய இறவைக் கிணறுகளில், நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு, பத்மாசனம் போட்டபடியே மல்லாந்து மிதக்கும் பெரியவர்களைச் சின்ன வயதில் நானே பார்த்திருக்கிறேன். வயிற்றில் காற்றை நிரப்பித் தாமரை இலைபோல் நீரில் மிதக்கும் பயிற்சிக்கு ஹடயோக நூல்களில் பிளாவினி என்று பெயரே இருக்கிறது. நீரில் அது நடப்பதற்குக் காரணம், நம் உடலின் அடர்த்தியும் நீரின் அடர்த்தியும் ஏறக்குறைய ஒன்று என்பதுதான். காற்றோ நீரைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி குறைந்தது. 60 கிலோ உடல் அடைத்துக்கொள்ளும் இடம் சுமார் 60 லிட்டர், அதாவது மூன்று தண்ணீர் கேன் அளவு. அந்த இடத்தில் இருந்திருக்கக்கூடிய காற்றின் எடை ஏறத்தாழ 70 கிராம். காற்று நமக்குத் தரும் மிதப்பு அவ்வளவே. காற்றில் மிதக்க வேண்டுமென்றால், எடை மாறாமல் உடல் 12 அடி நீளமும் 12 அடி அகலமும் 12 அடி உயரமும் கொண்ட ஓர் அறையின் அளவுக்கு உப்ப வேண்டும். நுரையீரலில் அடங்கும் ஐந்தாறு லிட்டர் காற்று உடற்சூட்டில் சற்று விரிவதால் கிடைக்கும் இலேசு ஒரு கிராம்கூடத் தேறாது.

அடுத்து, மூளையின் மின்சாரமும் காந்தமும். இங்கே உங்கள் மாமாவின் ஆசிரியர் ஓர் உண்மையான செய்தியைச் சுட்டிக்காட்டக்கூடும், முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். 1997-இல் நெதர்லாந்தின் நைமேகன் நகரத்து ஆய்வகத்தில் ஆந்த்ரே கெய்மும் அவருடைய கூட்டாளிகளும் உயிருள்ள ஒரு தவளையை அந்தரத்தில் நிறுத்திக்காட்டினார்கள். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. நீர் காந்தத்தால் மிக மெல்லிய அளவில் விலக்கப்படும் பொருள். தவளையின் உடலில் பெரும்பகுதி நீர். ஆனால் அதற்குத் தேவைப்பட்ட புலம் 16 டெஸ்லா, பூமியின் காந்தப்புலத்தைப்போல் ஏறத்தாழ 4 லட்சம் மடங்கு. மனித மூளை உண்டாக்கும் காந்தப்புலமோ பூமியின் புலத்தில் பல கோடியில் ஒரு பங்கு. அதை அளப்பதற்கே வெளிக்காந்தத்தைத் தடுக்கும் தனி அறையும் மிக நுண்ணிய உணர்கருவிகளும் வேண்டும். தவளையின் எடையையும் காந்தச் சுருள்தான் சுமந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. குவாண்டம் என்ற சொல்லும் இதே கதைதான். திரவ நைட்ரஜனில், சுழியத்துக்குக் கீழே 196 டிகிரி செல்சியஸ் வரை குளிர்விக்கப்பட்ட மீகடத்தி (மின்தடையே இல்லாத பொருள்) வில்லை காந்தப் பாதைமேல் மிதப்பது குவாண்டம் விளைவுதான். ஆனால் பாதைக்கு அடியில் ஒரு தராசை வைத்தால், வில்லையின் எடையும் சேர்ந்தே அதில் காட்டும். சுமை எங்கும் மறைந்துபோவதில்லை, கைமாறுகிறது, அவ்வளவுதான்.

தராசைப் பற்றிய பேச்சு வந்துவிட்டதால் என் வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லிவந்த ஒன்றை இங்கே சொல்கிறேன். ஈரோட்டு மஞ்சள் மண்டிகளில் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு ஒன்றைக் கொண்டுவந்து, அதன்மேல் விரிப்பை விரித்து, அந்தச் சீடரை அமரச் செய்யுங்கள். மறைவாக ஏதேனும் இரும்புக் கம்பி அவரைத் தாங்கினால், கம்பியும் அடித்தகடும் தராசின்மேல்தான் நிற்க வேண்டும். ஆக, அவர் எத்தனை அடி உயரத்தில் தெரிந்தாலும் தராசு முழு எடையையும் காட்டும். அவர் தத்தித் தத்தி எழுகிறார் என்றால், உந்தும்போது முள் எகிறும், காற்றில் இருக்கும்போது சுழியத்துக்கு வரும், விழும்போது மறுபடி எகிறும். ஆனால் ஒரு நிமிடத்துக்குச் சராசரி பார்த்தால் அதே 60 கிலோதான் வரும். மேலிருந்து கயிறு எதுவும் தாங்கவில்லை என்று பார்த்துக்கொண்டால், எதன்மேலும் ஊன்றாமல் உண்மையிலேயே ஒருவர் அந்தரத்தில் நின்றால் மட்டும், தராசு சுழியத்தில் நின்று அங்கேயே இருக்கும். திரை, மங்கலான விளக்கு, பக்திப் பரவசம் எதுவும் தராசுக்குப் பொருட்டில்லை. வியாபாரியும் விவசாயியும் ஒருவரை ஒருவர் நம்பாத இடத்தில் இருவரும் நம்புகிற கருவி அது.

தத்துவது என்று சொன்னேன். உங்கள் மாமாவுக்குக் காட்டப்பட்ட படம் பெரும்பாலும் இந்த வகையாகத்தான் இருக்கும். மகரிஷி மகேஷ் யோகியின் ஆழ்நிலைத் தியான இயக்கம் 1970-களில் யோகப் பறத்தல் என்ற பயிற்சியை அறிமுகப்படுத்தியது. முதலில் தவளைபோல் தத்துவது, பிறகு அந்தரத்தில் நிற்பது, முடிவில் பறப்பது என்று அதற்குப் படிநிலைகள் சொல்லப்பட்டன. 1986-இல் வாஷிங்டனில் பத்திரிகையாளர்களை அழைத்து அவர்கள் நடத்திய காட்சியில் வெளிப்பட்டது முதற்படி மட்டுமே: மெத்தைமேல் பத்மாசனத்தில் அமர்ந்தவர்கள் தொடையையும் இடுப்பையும் உந்தித் துள்ளினார்கள். இப்படித் துள்ளுவதற்கு நல்ல உடற்பயிற்சி வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஓரடி உயரம், அதாவது 30 சென்டிமீட்டர் துள்ளுகிறவர் காற்றில் இருக்கும் மொத்த நேரம் அரை விநாடி. அதில் சரிபாதி நேரம், கால் விநாடி, அவர் உச்சத்தை ஒட்டிய மேல் கால்பங்கு உயரத்திலேயே இருக்கிறார். மேலே போகப்போக வேகம் குறைவதால் அப்படி. ஒரு விநாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு நேரத்துக்குத் திறந்து மூடும் கைப்பேசிக் கேமராவுக்கு அந்தக் கால் விநாடி தாராளம். முகத்தில் சலனமில்லாமல், தலைமுடியைக் கட்டிக்கொண்டு, ஆடை பறக்காதபடி இறுக்கி உடுத்திக்கொண்டு துள்ளினால், படத்தில் அவர் நிரந்தரமாக நின்றுகொண்டிருப்பார்.

படம் துள்ளல் இல்லையென்றால் கம்பியாக இருக்கலாம். இதற்கு நம் மண்ணிலேயே பழைய வரலாறு உண்டு. 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னையில் சேஷால் என்று ஆங்கிலேயர்கள் குறித்துவைத்த ஒருவர், மான்தோல் சுற்றிய ஒரு கோலின்மேல் ஒரு கையை மட்டும் ஊன்றி, அந்தரத்தில் அமர்ந்து காட்டினார். அமரும் முன்பும் இறங்கும் முன்பும் அவருடைய ஆட்கள் போர்வையால் மறைத்துக்கொண்டார்கள். 1936-இல் தென்னிந்தியாவில் சுப்பையா புலவர் என்பவர் காட்டிய இதே போன்ற காட்சியின் படங்கள் லண்டனின் இல்லஸ்டிரேட்டட் லண்டன் நியூஸ் இதழில் வெளியாகி உலகமெங்கும் சுற்றின, இன்றும் சுற்றுகின்றன. அதிலும் அவர் கை துணி சுற்றிய கோலின்மேல் இருக்கிறது, அதிலும் எழுவதும் இறங்குவதும் துணி மறைப்புக்குள்ளேதான் நடந்தன. அந்தக் கோலுக்குள் என்ன இருந்தது என்பதற்குச் சாட்சி இல்லையாதலால் அதை ஊகம் என்றே சொல்வேன். ஆனால் தூக்கம்போன்ற நிலையில் மிதப்பவருக்குக் கைக்கோல் எதற்கு என்ற கேள்விக்கு ஊகம் தேவையில்லை. இந்தியாவிலிருந்து போன இந்தச் செய்தி ஐரோப்பிய மேடைகளிலும் பிடித்துக்கொண்டது: 1847-இல் பாரிஸில் ராபர்-ஹூதேன் என்ற புகழ்பெற்ற மந்திரவாதி, ஈதர் என்ற மயக்க மருந்தின் சக்தி என்று சொல்லித் தன் மகனை ஒரு கோலின்மேல் முழங்கை மட்டும் படும்படி அந்தரத்தில் கிடத்தினார்.

இந்த இருக்கையை நானே ஒருமுறை செய்துபார்த்தேன். பீளமேட்டில் பட்டறை வைத்திருந்த நண்பர் ஒருவரிடம், 32 மில்லிமீட்டர் எம்.எஸ். ராடை, அதாவது மென்னெஃகுக் கம்பியை, வளைத்து, அடியில் 10 மில்லிமீட்டர் தகட்டோடு பற்றவைத்து, மேலே சிறு இருக்கை பொருத்தித் தரச் சொன்னேன். கம்பி தகட்டிலிருந்து கோலுக்குள் ஏறி, மணிக்கட்டு அருகே சட்டைக் கைக்குள் புகுந்து, முதுகுப்புறமாக இறங்கி இருக்கையைத் தாங்கும். மூன்றடிச் சதுரத் தகடு மட்டுமே 65 கிலோ. வண்டியில் ஏற்ற நான்கு பேர் வேண்டியிருந்தது. அவர் வேலையை முடித்துவிட்டு, "இதுல மந்திரம் ஒண்ணும் இல்லீங்க சார், வெல்டிங் நல்லாப் புடிச்சிருக்கோணும், அவ்வளவுதானுங்க" என்றார். அமர்ந்திருப்பவரின் எடை தகட்டின் எல்லைக்குள் விழுந்தால்தான் அமைப்பு கவிழாது என்பதால், தகடு அவருக்கு நேர் கீழே வரைக்கும் நீண்டிருக்க வேண்டும். திருவிழாக் கூட்டங்களில் இந்த வித்தையைச் செய்பவர்கள் எப்போதும் கம்பளத்தின்மேலேயே அமர்வதற்குக் காரணம் அதுதான். அந்தியூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் இதைச் செய்துகாட்டி, தகட்டைத் திறந்து, கம்பியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி விளக்கிய பிறகும், ஒரு பாட்டி வந்து மேலே அமர்ந்திருந்த மாணவனைக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தப் பையன் வெட்கத்தில் நெளிந்தது இன்னும் நினைவிருக்கிறது. நம்மூர்ப் பறவைக் காவடியில் முதுகில் கொக்கி மாட்டி அந்தரத்தில் தொங்கும் பக்தரை யாரும் சந்தேகிப்பதில்லை; கயிறும் கிரேனும் ஊரறியத் தெரிகின்றன, மறைப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

'பண்ணாரியில் குண்டம் இறங்குகிறார்களே, அது மட்டும் எப்படி?' என்று உங்கள் மாமா கேட்கலாம். நியாயமான கேள்வி. தீமிதி உண்மை, பங்குனியில் பல்லாயிரம் பேர் கண்முன்னே நடக்கிறது. 1935-இல் லண்டன் அருகே குதா பக்ஸ் என்ற இந்தியர் ஆய்வாளர்கள் முன்னிலையில் தீக்குழியில் நடந்தார், பாதத்தைச் சோதித்தார்கள், காயம் இல்லை. மரக்கரியும் அதன்மேல் படிந்த சாம்பலும் வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்துவதும், ஒவ்வோர் அடியும் தணலில் படும் நேரம் அரை விநாடிகூட இல்லாததுமே காரணம். அதனால்தான் நம்பிக்கை இல்லாதவரும் நடக்க முடிகிறது, நம்பிக்கை உள்ளவரும் நின்றுவிட்டால் வெந்துபோகிறார். யோகிகளைப் பற்றிய சோதனைகளும் அப்படியே. 1982-இல் வெளியான ஓர் ஆய்வில் திபெத்தியத் துறவிகள் தியானத்தின்மூலம் கைகால் விரல்களின் வெப்பத்தை 8.3 டிகிரி செல்சியஸ் வரை உயர்த்தியது பதிவாகியிருக்கிறது. 1961-இல் இதயத்தை நிறுத்துவதாகச் சொன்ன இந்திய யோகிகளைச் சோதித்தபோது, நாடி மறைந்து, இதய ஒலியும் கேட்காமல் போனது. ஆனால் மின்வரைபடத்தில் இதயம் துடித்துக்கொண்டுதான் இருந்தது. மூச்சு, இரத்தக் குழாய், வியர்வை, வலி எல்லாவற்றுக்கும் மூளையிலிருந்து நரம்பு போகிறது; பயிற்சியால் அவற்றைச் சிறிது வசப்படுத்தலாம் என்பதை நான் மனமார ஏற்கிறேன். உடலைத் தரையிலிருந்து தூக்குவதற்கு வேண்டிய விசை தோலுக்கு வெளியே செயல்பட வேண்டும். அங்கே போகிற நரம்பு இல்லை.

மரபுக்கு வருகிறேன். உடலை இலேசாக்கிக்கொள்ளும் இலகிமா அட்டமா சித்திகளில் ஒன்று. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் இச்சித்திகளைப் பேசுகிறது. பதஞ்சலியின் யோக சூத்திரத்தின் மூன்றாம் பாதம், பஞ்சின் இலேசை மனத்தில் கொண்டு வான்வழிச் செல்வதைச் சொல்கிறது. ஆனால் அதே பாதத்தில் இத்தகைய சித்திகள் சமாதிக்கு இடையூறுகள் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. நீர்மேல் நடக்கலாம், நெருப்பின்மேல் இருக்கலாம், சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பதுதான் அரிது என்று தாயுமானவர் அடுக்கிச் சொல்வதைப் படித்திருப்பீர்கள். பார்வையால் கொக்கை எரித்த கொங்கணரைப் பார்த்து, "கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா" என்று வாசுகி கேட்ட கதையிலும், சித்தி பெற்றவர்தான் தலைகுனிந்து திரும்புகிறார். இவை எந்த அளவுக்கு உருவகம், எந்த அளவுக்கு அனுபவம் என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஊதியூருக்கு நானும் போவதுண்டு. அங்கே கும்பிடுவதற்கு, கொங்கணர் எத்தனை அடி உயரத்தில் பறந்தார் என்ற கணக்கு எனக்கு ஒருபோதும் தேவைப்பட்டதில்லை.

எது உறுதி, எது உறுதியில்லை என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். உலக வரலாற்றில் ஒருவர்கூட எந்தக் காலத்திலும் எழும்பவில்லை என்று என்னால் நிரூபிக்க முடியாது. அப்படிப்பட்ட எதிர்மறையை யாராலும் நிரூபிக்க முடியாது. 1868-இல் லண்டனில் டேனியல் ஹோம் என்ற ஆவியுலகத் தொடர்பாளர் மாடிச் சன்னல் ஒன்றின் வழியே மிதந்து வெளியேறி மற்றொன்றின் வழியே உள்ளே வந்தார் என்று மூன்று கனவான்கள் சாட்சி சொன்னார்கள். இருட்டு அறை, ஒன்றோடொன்று பொருந்தாத விவரங்கள். இத்தாலியில் 17-ஆம் நூற்றாண்டுத் துறவி கூப்பர்த்தினோ ஜோசப் வழிபாட்டின்போது எழும்பியதாகப் பலர் சொன்னதைக் கத்தோலிக்கத் திருச்சபை பதிவு செய்து, 1767-இல் அவரைப் புனிதராக அறிவித்தது. சாட்சிகள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அந்த இடங்களில் தராசோ கேமராவோ இல்லை, இனி வைக்கவும் முடியாது, ஆகவே அவற்றை அப்படியே மூடிவைக்கிறேன். உங்கள் மாமாவின் வகுப்போ வேறு வகை. எப்போதோ எங்கோ ஒருவர் எழுந்தார் என்று அவர்கள் சொல்லவில்லை. பணம் கட்டிப் பயிற்சி எடுத்தால் யாரும் எழலாம் என்கிறார்கள். திரும்பத் திரும்ப நடக்கும் என்று விலை வைக்கப்படுவதை, திரும்பத் திரும்பச் சோதிக்கவும் இடம் கொடுக்க வேண்டும்.

சோதிக்க ஆள் இல்லாமலும் இல்லை. 1963-இல் இலங்கையில் ஆபிரகாம் கோவூர், ஏமாற்று இல்லாத சூழலில் இயற்கைக்கு மீறிய சக்தியைக் காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று அறிவித்தார். 1978-இல் இறக்கும்வரை அதை யாரும் வெல்லவில்லை. அந்த அறைகூவலைத் தொடர்ந்தவர் நம் கோவை போத்தனூரில் வாழ்ந்து, 2009-இல் அங்கேயே மறைந்த பி. பிரேமானந்த், ஊர் ஊராகப் போய் அற்புதங்களைச் செய்துகாட்டி விளக்கியவர், கேட்க விரும்பிய யாருக்கும் வாசல் திறந்திருந்தது. அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்டி என்ற மேடை வித்தைக்காரரின் பெயரால், இதே போன்ற சவாலுக்கு 1996 முதல் 2015 வரை 10 லட்சம் டாலர் பரிசு காத்துக்கிடந்தது. முதற்கட்டச் சோதனையைக்கூட ஒருவரும் தாண்டவில்லை. 40,000 ரூபாய்க்குக் கற்றுத்தரக்கூடிய ஒரு திறமைக்கு அவ்வளவு பெரிய பரிசை வாங்க ஆள் கிடைக்கவில்லை என்பதை உங்கள் மாமாவிடம் மெதுவாகச் சொல்லிப்பாருங்கள்.

மெதுவாக என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. வகுப்புக்குப் போனபின் அவருக்குத் தூக்கம் நன்றாக வருகிறது, கோபம் குறைந்திருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தியானத்தால் கிடைத்த அந்தப் பயனை இந்தப் படத்தோடு சேர்த்துத் தூக்கி எறிய வேண்டியதில்லை. 'ஏனுங்க மாமா, பணம் கட்டறதுக்கு முன்னால ஒருதரம் நேர்ல பாத்துக்கலாமுங்களா' என்று மட்டும் கேளுங்கள். ஒளிப்படத்துக்குப் பதிலாக, பக்கவாட்டிலிருந்து இடைவெட்டில்லாமல் எடுத்த ஒரு நிமிடக் காணொளியை ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். விநாடிக்கு 30 சட்டகங்கள் பதிவாகும் கைப்பேசியில், துள்ளல் என்றால் 15 சட்டகங்களுக்குள் அவர் தரைக்கு வந்துவிடுவார். எண்ணிப் பார்க்க ஐந்தாம் வகுப்புக் கணக்குப் போதும். நேரில் காட்ட ஒப்புக்கொண்டால், தராசுக்கு மஞ்சள் மண்டி வரை அலைய வேண்டாம்; பழைய இரும்புக் கடைத் தராசையே வாடகைக்குக் கேளுங்கள். 150 கிலோ தாங்குவதாகவும், விரிப்பு முழுவதும் மேடைக்குள் அடங்குவதாகவும் பார்த்துக்கொள்ளுங்கள்.